பூண்டும் உப்பும்: பகைவர் எழுதிய மெகாரா

பண்டைய கிரேக்கம் என்றவுடன் ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் மட்டுமே நம் நினைவில் எழுகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகர அரசுகள் வாழ்ந்து மறைந்த அந்நிலப்பரப்பின் வரலாறு, இரு பேரரசுகளின் போட்டிக் கதையாகச் சுருங்கிவிட்டது. இச்சுருக்கத்துக்குச் சான்றுகளின் இயல்பும் ஒரு காரணமாகும். அரிஸ்டாட்டிலின் பள்ளியில் 158 அரசமைப்புகளைப் பற்றிய நூல்கள் தொகுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. அவற்றுள் ஏறத்தாழ முழுமையாக இன்று நம் கையில் இருப்பது ஏதென்சைப் பற்றியது மட்டுமே. எனவே, ஒரு சிற்றரசின் வாழ்வை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அதன் பகைவர் எழுதியவற்றையே வாசிக்க வேண்டியுள்ளது. அவ்வாறு வாசிப்பது எங்ஙனம் என்ற வினாவுக்கு மெகாரா நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

ஏதென்சுக்கும் கொரிந்துக்கும் இடைப்பட்ட குறுகிய நிலத்தில் அமைந்தது மெகாரா. கிழக்கே சரோனிக் வளைகுடாவில் நிசாயா, மேற்கே கொரிந்திய வளைகுடாவில் பெகாய் என இரு துறைமுகங்கள் அதற்கிருந்தன. விளைநிலம் குறைவு, கல்லும் மேடும் மிகுதி. ஆதலால் அம்மக்கள் கடலை நாடினர். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் மெகாரா ஹிப்லேயாவையும், ஏழாம் நூற்றாண்டில் பாஸ்பரஸ் நீரிணையின் இரு கரைகளிலும் கால்செடன், பைசான்டியம் ஆகிய குடியேற்றங்களையும் அவர்கள் நிறுவினர். கருங்கடல் தானியம் கிரேக்கத்துக்கு வரும் வழியின் வாயிலில் நின்றவை இவ்விரு நகரங்கள். தாய்நகரிலோ மலிவான கம்பளி உடைகளின் உற்பத்தி பெரும்பாலோரின் பிழைப்பாக இருந்ததென்று செனஃபோன் குறிப்பிடுகிறார்.

பாரசீகப் படையெடுப்பின்போது மெகாரா சலாமிஸ் கடற்போருக்கு 20 கப்பல்களையும் பிளாட்டேயா களத்துக்கு 3,000 வீரர்களையும் அனுப்பியதாக ஹெரோடோட்டஸ் கணக்குத் தருகிறார். சிற்றரசு ஒன்றுக்கு இது சிறிய பங்களிப்பன்று. ஆயினும், அடுத்த அரை நூற்றாண்டில் அதன் நிலை இரு யானைகளுக்கிடையே அகப்பட்டவனின் நிலையாயிற்று. கொரிந்துடன் எல்லைத் தகராறு மூண்டபோது, ஏறத்தாழ கி.மு. 460இல் அது ஏதென்சின் துணையை நாடியது. ஏதென்ஸ், நகரிலிருந்து நிசாயாவரை நெடுஞ்சுவர் எழுப்பித் தன் படையையும் அங்கே நிறுத்தியது. கி.மு. 446இல் மெகாரா கிளர்ந்தெழுந்து மீண்டும் ஸ்பார்ட்டாவின் அணிக்குத் திரும்பியது. ஏதென்ஸ் இதை மறக்கவில்லை. கி.மு. 432 வாக்கில், ஏதென்சின் சந்தையிலும் அதன் பேரரசுக்கு உட்பட்ட துறைமுகங்களிலும் மெகாரர் நுழையலாகாது என்ற தீர்மானம் நடப்பில் இருந்தது. பைசான்டியமும் கால்செடனும் அப்போது ஏதென்சுக்குத் திறை செலுத்தும் கூட்டாளிகள். ஆகவே, தாம் பெற்ற நகரங்களின் துறைகளே தாய்நகரத்தாருக்கு மூடப்பட்டன.

இத்தீர்மானத்தை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் சில வரிகளில் கடந்து செல்கிறார். அதை நீக்கினால் போர் வராது என ஸ்பார்ட்டாவின் தூதர்கள் கூறியதையும், விட்டுக்கொடுக்கலாகாது எனப் பெரிக்ளீஸ் மறுத்ததையும் அவர் பதிவு செய்கிறார். மெகாராவின் அடுப்பில் என்ன வெந்தது என்பதை அவர் எழுதவில்லை. அதை எழுதியவர் ஒரு நகைச்சுவை நாடகாசிரியர்.

அரிஸ்டோஃபனீசின் 'அக்கார்னியர்' கி.மு. 425இல் ஏதென்சில் அரங்கேறி முதற்பரிசு பெற்றது. போரில் சலித்த டிக்கையோபொலிஸ் என்னும் குடியானவன் பகைவருடன் தனக்கு மட்டுமாக உடன்படிக்கை செய்துகொண்டு சந்தை திறக்கிறான். அங்கே வரும் முதல் வணிகன் ஒரு மெகாரன். விற்க அவனிடம் சரக்கில்லை. பசியால் வாடும் தன் இரு பெண்மக்களையும் பன்றிக்குட்டிகளாக வேடமிட்டுச் சாக்கில் அடைத்துக் கொண்டு வந்திருக்கிறான். ஒருத்திக்கு ஒரு கட்டுப் பூண்டு, மற்றவளுக்கு ஒரு படி உப்பு என விலை முடிகிறது. பூண்டும் உப்பும் மெகாராவின் சொந்த விளைபொருள்கள் என்பதை அவையோர் அறிவர். உப்பளங்கள் ஏதென்சின் பிடியில். பூண்டு வயல்களை ஏதென்சின் படை ஆண்டுதோறும் தோண்டி அழிக்கிறது. தன் மண்ணின் பொருளைத் தன் மகளைக் கொடுத்து வாங்குகிறான் ஒரு தந்தை.

இக்காட்சியைப் போர் எதிர்ப்பின் உச்சமென்று போற்றுவோர் உண்டு. அது முழுமையான மதிப்பீடாகாது. காட்சியின் பெரும்பகுதி அப்பெண்களை முன்னிறுத்திய ஆபாசச் சிலேடைகளால் ஆனது. அமைதியை விரும்பும் நாயகனே இப்பேரத்தின் ஆதாயக்காரன். மெகாரனின் பசி அவனுக்கு மலிவு விலையாகிறது. எனினும், தன் நகரம் போரிட்டுக்கொண்டிருந்த வேளையில், பகைவனின் பசியை அதன் காரணத்தோடு மேடையேற்றியவர் அரிஸ்டோஃபனீஸ் என்பதை மறுத்தல் நேர்மையன்று. சிரிப்பு அவருடையது, உண்மையும் அதனுள்ளேயே இருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுப்பது வாசகரின் பொறுப்பு.

இங்கே ஜி.ஈ.எம். டி ஸ்டே. குரோய் 1972இல் வெளியிட்ட பெலோபொனீசியப் போரின் தோற்றம் குறித்த நூலைக் கருதாமல் செல்ல இயலாது. அத்தீர்மானம் பொருளாதார முற்றுகை அன்று என்பது அவர் வாதம். மெகாராவின் குடிமக்களையே அது விலக்கியது. வணிகமோ பெரிதும் குடியுரிமையற்றோர் கையில் இருந்தது. நாடகம் காட்டும் பசி, போர்க்காலப் படையெடுப்புகளின் விளைவு என்கிறார் அவர். இறுதிக் கூற்று ஏற்கத்தக்கதே. நிசாயா வீழ்ந்த கி.மு. 424வரை மெகாராவின் நிலம் ஆண்டுதோறும் சூறையாடப்பட்டது. ஆனால் கப்பல் வணிகரை மட்டும் கருதும் இவ்வாதம், பக்கத்து ஊர்ச் சந்தைக்குக் காய்கறி சுமந்து செல்லும் குடியானவனைக் காணத் தவறுகிறது. தீர்மானத்துக்கு முன்பே ஏதென்சில் பறிமுதலான மெகாராவின் பொருள்களாக நாடகம் அடுக்குபவை வெள்ளரி, முயல், பன்றிக்குட்டி, பூண்டு, உப்பு ஆகியனவே. இவற்றைக் கொண்டுவர இடைத்தரகன் தேவையில்லை. விலக்கப்பட்டவன் அக்குடிமகனே எனில், விளைவும் அவன் வீட்டில்தான் தொடங்கும்.

மற்றொரு முரணும் கவனத்திற்குரியது. நகைச்சுவை நாடகம் தம் மண்ணில் பிறந்ததென மெகாரர் உரிமை கொண்டாடியதை அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் குறிப்பிடுகிறார். ஆயினும் மெகாராவின் நாடகம் ஒன்றும் எஞ்சவில்லை. தம் பசியைக் குறித்து அவர்கள் எவ்வாறு நகைத்தனர், அல்லது அழுதனர் என்பதை நாம் அறியோம்.

எஞ்சியவற்றுள் ஒன்று உலோகத்தில் உள்ளது. பாரசீகரை வென்றபின் டெல்ஃபியில் நிறுவப்பட்ட வெண்கலப் பாம்புத்தூணில், போரிட்ட 31 நகரங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. மெகாரரின் பெயரும் அவற்றுள் ஒன்று. பைசான்டியத்தைத் தன் தலைநகராக்கிய கான்ஸ்டன்டைன் அத்தூணை அங்குக் கொண்டுசென்றார். 1453இல் சுல்தான் இரண்டாம் முஹம்மது வென்ற அந்நகரே இன்றைய இஸ்தான்புல். அதன் குதிரைப்பந்தயத் திடலில், தலைகள் இழந்த நிலையில், தூண் இன்றும் நிற்கிறது. அத்தூணில் பேரரசுகளின் பெயர்களோடு சேர்த்தே சிற்றூர்களின் பெயர்களும் எழுதப்பட்டுள்ளன. வரலாற்று நூல்களையும் அவ்வாறே வாசிக்கப் பழகுவது நம் கடமை.