மியாடாவும் அதன் பாடபேதங்களும்

மாஸ்டா கம்பெனியார் 1989-ல் வெளியிட்ட சிறிய இரண்டு ஆசனக் காரைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாட்களாக எனக்கு ஓர் எண்ணம். நாவல் எழுதுகிறவனுக்கு மோட்டார்க் காரில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நாவல் எழுதுகிறவன் தன் ஆயுளில் பெரும் பகுதியை எழுதுவதில் செலவிடுவதில்லை; எழுதியதைத் திருத்துவதில்தான் செலவிடுகிறான். எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது, எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பவைதான் அவனுடைய தொழில் சங்கடங்கள். இந்தக் காரை வைத்திருப்பவர்களுக்கும் இதே சங்கடங்கள் உண்டு. ஏனென்றால், வாங்கியபடியே அதை வைத்திருப்பவர்கள் மிகச் சிலர்.

என் தங்கையின் பிள்ளை கலிபோர்னியாவில், பாஸடீனாவில் இருக்கிறான். 2015-ல் அவன் ஒரு பழைய சிவப்பு மியாடாவை, 1991-ம் வருஷத்துக் காரை, வாங்கினான். அமெரிக்காவில் அதற்கு மியாடா என்று பெயர், ஐரோப்பாவில் எம்.எக்ஸ்.-5, ஜப்பானில் முதலில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள். மூன்று தடவை நான் அவன் வீட்டில் போய்த் தங்கியிருக்கிறேன். மூன்று தடவையும் ஏஞ்சலஸ் கிரெஸ்ட் மலைச் சாலையில் என்னை அதில் ஏற்றிக்கொண்டு போனான். மூன்று தடவையும் அது வேறு வேறு காராக இருந்தது. ஒரே நூலின் மூன்று பாடங்களைப் படித்த மாதிரிதான். நான் ஓட்டத் தெரிந்தவன் அல்ல. ஆனால் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து அபிப்பிராயம் சொல்வது விமர்சகர்களுக்குப் பழக்கமான இடந்தானே!

முதலில் மூலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1979-ல் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, பிரிட்டிஷ்காரர்கள் செய்துவந்தது போன்ற லேசான திறந்த காரை நீங்கள் செய்ய வேண்டும் என்று சொன்னார். அடுத்த வருஷமே எம்.ஜி. கார்கள் தயாரான அபிங்டன் ஆலையை மூடிவிட்டார்கள். யோசனை சொன்ன ஹால் பின்னால் மாஸ்டாவிலேயே உத்தியோகத்தில் சேர்ந்தார். பத்து வருஷங்களுக்குப் பிறகு, 1989 பிப்ரவரியில், சிகாகோ கண்காட்சியில் கார் வெளிவந்தது. விலை 13,800 டாலர். சாதாரண சம்பளக்காரர் கடன் வாங்கியாவது வாங்கிவிடக்கூடிய விலை. இந்த விலையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

இந்தக் காரில் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. எஞ்சின் அவர்களுடைய 323 என்ற குடும்பக் காரின் வம்சத்தைச் சேர்ந்தது. 1,600 சி.சி., 116 குதிரைச் சக்தி. இன்றைய சாதாரணக் கார்களில் பல இதைத் தாண்டிவிடும். சிரத்தை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் போயிருக்கிறது. பானெட்டை அலுமினியத்தில் செய்தார்கள். பாட்டரியைப் பின்னால் சாமான் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். கியர் பெட்டியையும் பின் அச்சின் டிபரென்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தால் இணைத்தார்கள். அதனால் கால் அழுத்தியதும் சக்கரம் பதில் சொல்கிறது, நடுவில் தயக்கம் இல்லை. மொத்த எடை ஆயிரம் கிலோவுக்குள். அதில் ஏறக்குறையப் பாதி முன் சக்கரங்களின் மேலும் பாதி பின் சக்கரங்களின் மேலும் நிற்கிறது. இந்த வேலைக்குத் தலைமை வகித்த தோஷிஹிகோ ஹிராய் என்பவர் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியத் தொடரைக் குறிக்கோளாக வைத்துக்கொண்டார். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒரே உடலாவது என்று அர்த்தம். விளம்பரத்துக்கு ஏற்ற வாசகந்தான். ஆனால் அந்த மலைச் சாலையில் முதல் தடவை போனபோது இந்த விளம்பரம் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது.

டயர் வெறும் 185 மில்லிமீட்டர் அகலம். சக்கரம் 14 அங்குலம். இது சிக்கனத்தினால் வந்த குறை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி அல்ல. டயர் குறுகலாக இருப்பதால், மிதமான வேகத்திலேயே வண்டி தன் எல்லையை நெருங்குகிறது. நெருங்குவதை ஆசனத்தின் வழியாக முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறது. பெரிய விலைக் கார்களில் அந்த எல்லை நூற்றுக்கு மேற்பட்ட மைல் வேகத்தில் எங்கோ இருக்கிறது. அதை எட்டிப் பார்ப்பவனுக்கு ஜெயில் அல்லது ஆஸ்பத்திரி. மியாடாவில் அந்த சந்தோஷம் சட்டத்துக்கு உட்பட்டுக் கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. உயரமானவன் தலை கூரையில் இடிக்கும். பின்புறத்துப் பிளாஸ்டிக் ஜன்னல் நாளடைவில் பழுப்பேறி மங்கிவிடும். கூரையை மடக்கிவிட்டு மோசமான சாலையில் போனால் முன்கண்ணாடிச் சட்டம் லேசாக நடுங்கும். ஆரம்ப வருஷங்களின் கார்களில் கிராங்க் தண்டின் மூக்கு குட்டையாக இருந்ததால், முன் சக்கரப்பல் ஆட்டங்கண்டு தண்டையே தேய்த்துவிடுவதுண்டு. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டுப் புகழ்வது விமர்சனம் அல்ல.

இனித் திருத்தங்கள். வாங்கிய வருஷம் மருமான் செய்ததைத் திருத்தம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அச்சுப்பிழை நீக்கியது என்றுதான் சொல்ல வேண்டும். அறுபதாயிரம் மைலுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட்டை மாற்றினான். தண்ணீர்க் குழாய்கள், பிரேக் எண்ணெய், நாலு டயர்கள், இருபத்துநாலு வருஷம் பழசான ரப்பர் புஷ்கள் எல்லாவற்றையும் புதுப்பித்தான். தோற்றத்தில் ஒரு மாறுதலும் இல்லை. சிநேகிதர்களிடம் காட்டிப் பெருமைப்படவும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூன்று பாடங்களில் ஆசிரியரின் குரல் மிகத் தெளிவாகக் கேட்டது அதில்தான். பழைய காரை வாங்கிவிட்டு, செத்துப்போன ரப்பரின் குற்றத்தை ஹிராயின் தலையில் போட்டுவிட்டு, உடனே அதைத் 'திருத்த'க் கிளம்புகிறவர்கள் அநேகர். சுவடியைச் செல் அரித்த இடத்தில் புலவனுக்கு இலக்கணம் தெரியாது என்று சொல்கிறவர்களோடுதான் இவர்களையும் சேர்க்க வேண்டும்.

2018-ல் நான் இரண்டாம் தடவை போனபோது கார் தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தது. குட்டையான ஸ்பிரிங்குகள் போட்டிருந்தான். பதினைந்து அங்குலச் சக்கரம், அகலமான டயர், தடித்த புகைக்குழாய். பார்ப்பதற்குப் புலிக்குட்டி மாதிரி இருந்தது உண்மை. மலையேறினோம். மியாடாவின் சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம் இயல்பிலேயே குறைவு. காரை மிகவும் இறக்கிவிட்டால் ஷாக் அப்சார்பரின் முனையிலிருக்கும் ரப்பர் தடுப்பின் மேலேயே வண்டி சவாரி செய்ய ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு திருப்பத்திலும் அது தடுப்பில் இடித்துத் துள்ளியது. முன்பு எல்லையைக் காதோடு காதாகச் சொன்ன கார் இப்போது மௌனமாக வந்து, கடைசி நிமிஷத்தில் கூச்சல் போட்டது. புகைக்குழாயோ, நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் மண்டைக்குள் வண்டு புகுந்த மாதிரி ரீங்காரம். மாஸ்டாக்காரர்கள் பல குழாய்களைப் பரிசோதித்துக் கேட்டு இந்தக் காரின் ஓசையைத் தேர்ந்தெடுத்தவர்கள். அந்த ஓசையை எடுத்துவிட்டு இதை வைத்திருந்தான்.

"முன்னே இருந்ததிலே உனக்கு எது கஷ்டமா இருந்தது?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "கஷ்டம்னு ஒண்ணும் இல்லே மாமா. எல்லார் காரும் இப்படித்தான் இருக்கு" என்றான்.

அவனுடைய பதிலில்தான் விஷயம் இருக்கிறது. திருத்தம் ஒரு மனத்தாங்கலிலிருந்து பிறக்க வேண்டும். அந்த மனத்தாங்கல் காரோடு சேர்ந்து வாழ்ந்து, சொந்தத்தில் ஏற்பட்டதாக இருக்க வேண்டும். பிறர் காரைப் பார்த்து வந்த ஆசை, பிறர் நாவலைப் பார்த்து வந்த அத்தியாயம் மாதிரி. அதை எங்கே செருகினாலும் தையல் தெரியும். தனியாகப் பார்த்தால் அந்த டயர் நல்ல டயர்தான். அந்த ஸ்பிரிங்கும் வேறொரு காருக்குப் பொருத்தமாகவே இருக்கலாம். சமநிலையையே உயிராகக் கொண்ட ஒரு படைப்பில் ஒரு பக்கத்தை மட்டும் அழுத்திச் சொன்னால் மற்றப் பக்கங்கள் ஊமையாகிவிடும்.

மூன்றாம் தடவை போனது 2023-ல். அதற்குள் அவன் எட்டு வருஷம் அந்தக் காரோடு குடித்தனம் செய்திருந்தான். குட்டை ஸ்பிரிங்குகள் போய், முன்னிருந்ததைவிட ஒரு விரற்கடை மட்டும் தாழ்ந்தவை வந்திருந்தன. அவற்றுக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர்கள். கண்ணாடிச் சட்டத்தின் நடுக்கம் உண்மையிலேயே அவனைத் தொந்தரவு செய்ததால், அடிச்சட்டத்துக்கு எஃகுப் பட்டைகள் கொடுத்து இறுக்கியிருந்தான். தலை இடித்ததால் ஆசனத்தின் பஞ்சை ஒரு பகுதி அறுத்து எடுத்திருந்தான். காசு செலவே இல்லை. ஆனால் அந்தக் காருக்கு அவன் செய்த திருத்தங்களிலேயே அதுதான் சிறந்தது என்பேன். வில்லோ ஸ்பிரிங்ஸ் பந்தயப் பாதையில் வருஷத்துக்கு இரண்டு நாள் ஓட்டப் பழகியிருந்தான். அதற்காகத் தலைக்குப் பின்னால் ஓர் இரும்பு வளைவு. முன்கண்ணாடி மேல் விளிம்பிலிருந்து அந்த வளைவின் உச்சி வரை ஒரு துடைப்பக் கட்டையை வைத்தால், ஹெல்மெட் போட்ட தலை அதைத் தொடக்கூடாது. வண்டி கவிழ்ந்தால் தலை தப்புவதற்கு இந்தக் கணக்கு. பஞ்சை அறுத்த காரணம் இதற்கும் பயன்பட்டுவிட்டது. ஒரு நல்ல திருத்தம் இன்னொன்றுக்கு வழிவிடும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

அப்போதுதான் டர்போப் பேச்சு வந்தது. பணம் சேர்த்து வைத்திருந்தான். 116 குதிரைகளை 200 ஆக்கிவிடலாம் என்றான். நான் காகிதத்தில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். டர்போ வந்தால் சூடு அதிகம். ரேடியேட்டர் மாற வேண்டும். கிளச் தாங்காது. அவன் காரின் டிபரென்ஷியல் சின்னது. 1994-ல் 1,800 சி.சி. எஞ்சின் வந்தபோது கம்பெனியாரே அதைப் பெரிதாக்கினார்கள். ஆகவே அதுவும் மாற வேண்டும். வேகம் கூடினால் பிரேக் போதாது. கியர் பெட்டியின் ஆயுளும் சந்தேகம். டர்போ போடுவதே பாபம் என்று நான் சொல்லவில்லை. 2004-ல் மாஸ்டாவே ஒரு டர்போ மியாடாவை விற்றது. முழுப் புத்தகத்தையும் மறுபடி எழுதத் தயாரானவன் செய்யலாம். ஓர் அத்தியாயத்தை மட்டும் மாற்றுகிறேன் என்று கிளம்புகிறவன் அதில் இறங்கக்கூடாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'மூலத்தைத் தொடவே கூடாது' என்ற கட்சியில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அந்தக் கட்சி இப்போது பலத்துவருகிறது. ஜப்பானில் மாஸ்டா கம்பெனியே 2017-ல் முதல் தலைமுறைக் கார்களைப் பழையபடியே புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தது. நின்றுபோன மேல்கூரையையும், மர ஸ்டியரிங்கையும், அந்தக் காலத்து டயரையும் மறுபடி செய்யத் தொடங்கியது. சுத்தப் பதிப்பு ஒன்று கிடைப்பது நல்லதுதான். ஆனால் மூலம் என்று இவர்கள் கும்பிடுகிறதே, அது எங்கிருந்து வந்தது? காலின் சாப்மன் 1962-ல் கொண்டுவந்த லோட்டஸ் எலான் காரின் திருத்திய பாடந்தான் மியாடா. சாப்மனுடைய கார் இதைவிட மிகவும் லேசு, 1,558 சி.சி. எஞ்சின், கைகாரியத்தில் அற்புதம். அதை வைத்திருந்தவர்கள் பழுது பார்க்கவும் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது என்பது பிரசித்தம். ஜப்பானியர்கள் அதன் வடிவத்தையும் உற்சாகத்தையும் எடுத்துக்கொண்டு, மழை ஒழுகலையும் மின்சாரக் கோளாறையும் விட்டுவிட்டார்கள். இதற்கு மேல் நல்ல திருத்தம் உண்டா? மியாடாவைத் திருத்தக் கூடாது என்பவர்கள் எலானைத் திருத்தியதற்கு முதலில் ஆட்சேபம் சொல்லட்டும். மாஸ்டாவே 1998-ல் அந்தக் காரின் கண்விழிக்கும் விளக்குகளை எடுத்துவிட்டது. 2015-ல் வந்த நாலாம் தலைமுறையில், முந்தையதைவிடச் சுமார் நூறு கிலோ எடையை வெட்டியது. அந்த வெட்டு எனக்கு மிகவும் பிடித்த செய்தி. எழுத்தாளர்கள்கூட நாலாம் பதிப்பில் குறைக்கமாட்டார்கள், கூட்டுவார்கள்.

பூர்வீகப் பக்தர்களைப் பற்றி எனக்கு இருக்கும் உண்மையான பயம் வேறு. 2016-ல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. ஆனால் பழசில் கைபடாதவை குறைந்துகொண்டே போகின்றன. குறையக் குறைய விலை ஏறுகிறது. 13,800 டாலர் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த மலிவுதான் இந்தக் காரின் சொந்தக்காரனுக்குத் தைரியம் கொடுத்தது. ஸ்பானரை எடுத்து, தப்பாகவோ சரியாகவோ ஒன்றைக் கழற்றி, ஓட்டிப் பார்த்து, மறுபடி மாட்டுகிற தைரியம். விலை ஏறிவிட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். பிறகு அதை ஓட்டுகிறவன் இருக்கமாட்டான், பாதுகாக்கிறவன்தான் இருப்பான்.

நான் அங்கே இருந்தபோதே ஒரு மனிதர் காரை விலைக்குக் கேட்டு வந்தார். குனிந்து, படுத்து, விளக்கடித்து அரைமணி நேரம் பார்த்தார். இரும்பு வளைவுக்காகப் போட்ட துளைகளை எண்ணினார். ஒவ்வொரு துளைக்கும் விலை இறங்கிக்கொண்டே வந்தது. துளை போடாத கார் என்றால் இரண்டு மடங்கு தந்திருப்பேன் என்றார். மருமான் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தான்.

டர்போவுக்கென்று வைத்திருந்த பணம் இன்னும் பாங்கியிலேயே இருக்கிறது. மேல்கூரைத் துணி கிழிந்துவிட்டது, டர்போவா கூரையா என்று போன மாதம் கேட்டு எழுதியிருந்தான். கூரை என்று பதில் போட்டிருக்கிறேன்.