நாளைக்கு நில்லாத கள்ளும் கைக்கு எட்டாத வைனும்

திருகோணமலையின் சீனன்குடாவில் மாதச் சம்பளத்தையோ நாட்கூலியையோ நம்பியிருக்கும் வீடுகள்தான் அதிகம். பிறீமா மாவாலை, எண்ணெய்த் தாங்கிகள், துறைமுகம், கடற்தொழில் என்று வருமானம் எங்கிருந்து வந்தாலும், இருபதாம் தேதிக்குப் பிறகு எல்லா வீட்டுக் கொப்பியிலும் ஒரே கணக்குத்தான். அப்படியொரு வீட்டில் யாராவது இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் வைன் குடிக்க ஆசைப்பட்டுவிட்டால் உடனே ஒரு புத்திமதி வரும்: "உனக்கென்ன பைத்தியமே? கள்ளு இருக்கிறதே. அதுதான் எங்கட வைன்."

இந்தப் புத்திமதியைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. சிக்கனத்தின் பெயரால் வைனின் இடத்தில் கள்ளை வைக்கும் வழக்கம் இங்கே பழையது, பலருக்குப் பயன்பட்டும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்பவர்கள் விலையை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

முதலில் அதன் நியாயம். இரசாயனத்தின்படி பார்த்தால் கள்ளுக்கும் வைனுக்கும் பெரிய தூரமில்லை. இரண்டிலும் காய்ச்சி வடித்தல் இல்லை. சீனியை மதுவம் தின்று மதுசாரமாக்குகிறது, அவ்வளவுதான். திராட்சைக்கு வாரக்கணக்கில் பிடிக்கும் வேலையைப் பாளை சில மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு. காலையில் இறக்கியது மத்தியானத்துக்குள் ஏறக்குறைய ஐந்து வீத மதுசாரத்துக்கு வந்துவிடும். புளிப்பும் இனிப்பும் கலந்த அந்த உடன் கள்ளை, கப்பலேறி வரும் மலிவு வைன்கள் பலவற்றோடு கண்ணைக் கட்டிக்கொண்டு ஒப்பிட்டாலும் நான் கள்ளின் பக்கம்தான் நிற்பேன். நிலாவெளி, குச்சவெளிக் கரையில் பனை இருக்கிறது; தென்னை எங்கும் இருக்கிறது. இறக்குமதித் தீர்வை இல்லை, கண்ணாடிப் போத்தல் இல்லை, கப்பற் கூலி இல்லை.

இனி மதுசாரக் கணக்கு. 750 மில்லிலீற்றர் வைன், 12 வீதம் என்றால் 90 மில்லிலீற்றர் தூய மதுசாரம். அதே அளவு கள்ளில் 38 மில்லிலீற்றர்கூட வராது. 33.5 வீதச் சாராயத்தில் ஒரு கால் போத்தல், அதாவது 180 மில்லிலீற்றர், 60 மில்லிலீற்றரைக் கொண்டிருக்கிறது. வேலை முடிந்து வருகிறவர் நின்றபடியே இறக்கிவிட்டுப் போகிற அந்தக் கால், வைன் போத்தலில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமம். வெறியேறுவதற்குக் காசு கொடுப்பவருக்கு வைன் மிக மோசமான வியாபாரம். எங்கள் ஊர்களில் 'வைன் ஸ்டோர்ஸ்' என்று பலகை மாட்டிய கடைகளின் தட்டுகளில் சாராயமும் பியரும் நிறைந்து கிடக்க, வைன் ஒரு மூலையில் தூசி படிந்து நிற்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம். ஆகவே வைனுக்கு ஆசைப்படுகிறவர் தேடுவது வெறியை அல்ல என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் தேடுவது சாப்பாட்டோடு சேர்ந்த ஒரு சுவை, வீட்டிலிருந்தபடி மெதுவாகக் குடிக்கும் அரைமணி நேரம். கள்ளால் அதைத் தர முடியுமா?

இங்கேதான் கள்ளு சறுக்குகிறது. கள்ளுக்கு நாளை என்பது இல்லை. காலையில் இனிப்பு, மாலையில் காரம், மறுநாள் புளிப்பு, அதற்கப்பால் விநாகிரி. வீட்டுச் செலவு என்பது ஒரு பொருளை நாட்களுக்குப் பிரித்து வைக்கும் வேலை. ஒரு கிலோ பருப்பை இத்தனை நாளைக்கு என்று பிரிக்கலாம். ஒரு போத்தல் வைனைக்கூட நான்கு இரவுகளுக்குப் பிரிக்கலாம். கள்ளைப் பிரிக்க முடியாது. வாங்கியதை அன்றைக்கே குடித்து முடிக்கவேண்டும், இல்லையென்றால் கொட்டவேண்டும், கொட்டுகிறவர் யார்? அதனால் ஒரு போத்தல் போதுமென்று போனவர் மிச்சத்தையும் முடித்துவிட்டு வருகிறார். மறுநாள் மறுபடி வாங்குகிறார். ஒவ்வொரு முறையும் கொடுப்பது சின்னக் காசு. மாதமுடிவில் கூட்டிப் பார்த்தால் அது சின்னக் காசாக இராது. கூட்டிப் பார்ப்பவரும் குறைவு, ஏனென்றால் அந்தச் செலவு வீட்டுக் கொப்பியில் ஏறுவதேயில்லை.

மதுவைக் காத்து வைக்கும் கலை தமிழருக்குத் தெரியாததல்ல. மூங்கிற் குழாயில் ஊற்றி விளையவிட்ட தேறலும் மண்ணில் புதைத்து முதிரவிட்ட தேறலும் சங்கப் பாட்டுகளில் வருகின்றன. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் பொற்கிண்ணத்தில் அருந்துவதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். இறக்குமதி வைன் அன்றைக்கும் மாத வரவு செலவுக்கு அடங்கிய பண்டமல்ல.

கள்ளின் அடுத்த குறை அது குடிக்கப்படும் இடம். நிற்காத பானத்தை மரத்துக்குப் பக்கத்திலேயே குடிப்பதுதான் வசதி, ஆகவே தவறணை என்ற கள்ளுக்கடை. ஓலைப் பிளாவில் வார்த்துக் குடித்த காலத்தின் அழகை எழுதியவர்கள் பலர். அந்த அழகுக்குள் பெண்கள் இல்லை. 1979 ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல், தவறணை வளவுக்குள் பெண்ணுக்கு மதுவை விற்பதையும் கொடுப்பதையும் தடுத்தது. 2018 சனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். பெண்கள் குடிக்கவேண்டும் என்று நான் வாதாடவில்லை. வீட்டுக் காசைக் கையாள்கிறவர் எட்டிப்பார்க்கவும் முடியாத இடத்தில் நடக்கிற செலவை 'குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் இன்பம்' என்று எப்படி அழைப்பது? அது ஒருவருக்கு மட்டும் கட்டுப்படியாகிற இன்பம்.

மலிவுக்கு இன்னொருவரும் விலை கொடுக்கிறார்: மரத்தில் ஏறுகிறவர். மேற்குக் கரையில் வாதுவை, களுத்துறைப் பக்கம் தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி அதில் நடந்து கள்ளெடுப்பார்கள். பனையில் அந்த வசதியில்லை. தளைநார் போட்டு ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கவேண்டும், காலையும் மாலையும். விழுந்தால் அந்த வீட்டின் வருமானம் அன்றோடு முடிந்தது. அவர் இறக்கிய கள்ளை விரும்பிய சமூகமே அவரைச் சாதி சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்தியது. 1970களின் தொடக்கத்தில் வடக்கில் உருவான கள்ளிறக்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள், தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து இந்தத் தொழிலை விடுவிக்க வந்தவை. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. போரில் பனைகள் அழிந்தபின்னும் அந்தச் சங்கங்கள் ஓரளவு தாக்குப்பிடித்திருப்பது சாதாரண விஷயமல்ல. தமிழ்நாட்டைப் பாருங்கள்: 1987 இலிருந்து கள்ளுக்குத் தடை, ஆனால் அரசின் டாஸ்மாக் கடையில் அதைவிடப் பலமடங்கு காரமான மது தாராளமாகக் கிடைக்கிறது. அந்த விசித்திரத்தோடு ஒப்பிட்டால் இலங்கைச் சட்டம் நிதானமானது.

கூட்டுறவுச் சங்கங்கள் போத்தலில் அடைத்து விற்கும் பனங்கள்ளு, நான் மேலே சொன்ன பெருங்குறைக்கு ஒரு மாற்று. சூடேற்றி மதுவத்தை அடக்கிவிடுவதால் மாதக்கணக்கில் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவரலாம், மீன் குழம்போடு மேசையில் வைக்கலாம், கணக்கிலும் எழுதலாம். சுவையில் இழப்பு உண்டு. உடன் கள்ளின் துள்ளலை எதிர்பார்த்துத் திறந்தால் ஏமாற்றம்தான். எனக்கு அந்த இழப்பு பரவாயில்லை. துள்ளலுக்காகத் தவறணைக்குப் போவதைவிடக் கொஞ்சம் மந்தமான போத்தல் வீட்டுக்கு வருவது நல்லது.

வைனுக்கு வருவோம். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது, இறக்குமதி வைன் சாதாரண வீட்டை விட்டே போய்விட்டது. போத்தலைத் திறந்தபின் அது மூன்று நாலு நாள் நிற்கும் என்று சொன்னேன். அது குளிர்சாதனப் பெட்டிக்குள். சீனன்குடா வெக்கையில் மேசையில் விட்டால் அதுவும் கள்ளின் வழியில்தான் போகும். பெட்டியை ஓட்ட மின்சாரம் வேண்டும். 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அவுஸ்திரேலியாவில் இருக்கும் நம்மவர்கள் பைக்குள் அடைத்த பெட்டி வைனை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக் குடிக்கிறார்கள். 1965 இல் தோமஸ் அங்கோவ் அங்கே கொண்டுவந்த ஏற்பாடு அது. வைனை ஏழை வீட்டுக்குக் கொண்டுபோனதில் அந்தப் பைக்கு உள்ள பங்கு எந்தத் திராட்சைத் தோட்டத்துக்கும் இல்லை. நம்முடைய கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது போத்தல்தான்.

உள்ளூர்த் திராட்சை இருக்கிறதே என்றால், இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தோலகட்டி ஆச்சிரமத்துத் துறவிகள் பல காலமாக வைன் செய்கிறார்கள். 1928 இல் தோமஸ் அடிகள் தொடங்கிய சபை அது. அவர்களுடைய நெல்லி ரசத்தை அறியாத தமிழ் வீடு குறைவு. இனிப்பாக, சிறு கிளாசுக்கு ஏற்றதாக இருக்கும் அந்த வைன் விருந்துக்கும் பெருநாளுக்கும் பொருந்தும். வீட்டிலேயே ஜாடியில் திராட்சையும் சீனியும் போட்டுப் புளிக்கவிடுகிறவர்கள், அனுமதிப்பத்திரமின்றி மது உற்பத்தி செய்வதைத் தடுக்கும் 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தை ஒருதரம் நினைத்துக்கொள்வது நல்லது. கசிப்புக் காய்ச்சுபவரைப் போல ஆபத்தானவர்களல்ல அவர்கள். ஆனாலும் தண்டப்பணமும் வீட்டுச் செலவில்தான் சேரும்.

மிச்சமிருப்பது ஒன்று, என் மனம் அதிகம் சாய்வதும் அதன்மேல்தான்: பறங்கியர் வீட்டு 'மில்க் வைன்'. திருகோணமலையில் பாலையூற்றுப் பக்கம் பறங்கியர் இன்றும் இருக்கிறார்கள்; நத்தார் பலகாரங்களோடு சேர்ந்த பானம் இது. சாராயத்தில் சீனி, உலர்ந்த திராட்சை, வாசனைத் திரவியங்களை ஊறவிட்டுப் பால் சேர்ப்பார்கள். பால் திரிந்து கசடையெல்லாம் இழுத்துக்கொண்டு அடியில் தங்கும். துணியில் திரும்பத் திரும்ப வடித்தால் தெளிந்த பொன்னிறம். இரசாயனத்தில் கள்ளு வைன், இது வைன் அல்ல. வீட்டு நடைமுறையில் அப்படியே தலைகீழ். ஒரு போத்தல் சாராயச் செலவில் வருவது மாதக்கணக்கில் நிற்கிறது, குளிர்சாதனப் பெட்டி கேட்பதில்லை. அதைச் செய்கிறவர் சமையலறையில் இருக்கிறார், எவ்வளவு மிச்சம் என்பது அவருக்குத் தெரியும். வருகிறவருக்கெல்லாம் ஒரு சிறு கிண்ணம் கொடுக்கலாம்.

குறை அதற்கும் உண்டு. சாராயத்தின் வரி ஏறும்போதெல்லாம் இதன் செலவும் ஏறும். இனிப்பு காரத்தை மறைத்துவிடுவதால் எவ்வளவு உள்ளே போகிறதென்று நாக்குக்குத் தெரியாது. மதுவில் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 இல் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பானத்தின் சிக்கனம் முழுவதும் அந்தச் சிறு கிண்ணத்தில்தான் தங்கியிருக்கிறது. தேநீர்க் கிளாசில் ஊற்றினால் அது பால் விட்டு வடித்த, சீனி போட்ட சாராயம், வேறொன்றுமில்லை.