ஆக்கியோரும் ஆடுவோரும்: ‘மார்வெல் வேர்சஸ் கப்கொம் 2’ பற்றிய ஒரு நோக்கு

வீடியோ விளையாட்டைக் கலைவிமரிசனத்தின் பொருளாகக் கொள்வதிற் கல்வியுலகு நெடுங்காலம் தயக்கம் காட்டியே வந்துள்ளது. சிறுவர் பொழுதுபோக்கு என்றோ வணிகப் பண்டம் என்றோ அதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், நாவலையும் நாடகத்தையும் மதிப்பிடுமிடத்து எழும் பழைய வினாவொன்று இத்துறையில் மேலும் கூர்மையாக எழுகின்றது. ஒரு படைப்பின் பெறுமதி ஆக்கியோர் அதனுள் வைத்தவற்றால் அமைவதா, அன்றிப் பயில்வோர் அதனிலிருந்து வெளிக்கொணர்ந்தவற்றால் அமைவதா என்பதே அவ்வினா. யப்பானின் கப்கொம் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மார்வெல் வேர்சஸ் கப்கொம் 2’ என்னும் சண்டை விளையாட்டு, இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

இவ்விளையாட்டுத் திடீரெனத் தோன்றியதன்று. 1991இல் ‘ஸ்ரீற் பைற்றர் 2’ மூலம் சண்டை விளையாட்டு என்னும் வகைக்கே இலக்கணம் வகுத்த கப்கொம், அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனமாகிய மார்வெலின் பாத்திரங்களைக் கொண்டு 1994இல் ‘எக்ஸ்-மென்: சில்ட்ரன் ஒவ் தி அற்றம்’ என்பதனையும், 1995இல் ‘மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ என்பதனையும் ஆக்கியது. 1996இல் வெளிவந்த ‘எக்ஸ்-மென் வேர்சஸ் ஸ்ரீற் பைற்றர்’ இரு நிறுவனங்களின் பாத்திரங்களையும் ஒரே களத்தில் எதிரெதிரே நிறுத்தியது. அதனினும் முக்கியமானது, ஆடுபவர் ஒருவருக்குப் பதிலாக இரு வீரர்களைத் தெரிவுசெய்து, சண்டையின் நடுவே அவர்களை மாற்றிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடாகும். பின்வாங்கிய வீரன் இழந்த உயிர்ப்பலத்தின் ஒரு பகுதியை மீளப்பெறுவான். இவ்வொரு மாற்றத்தால், தனியாள் மோதலாக இருந்த வடிவம் ஓர் அணியை நிருவகிக்கும் கலையாக மாறிற்று.

உருவம் அதன் பௌதிக அடித்தளத்திலே தங்கியுள்ளது என்பதற்கும் இவ்விளையாட்டுச் சான்று பகரும். வீட்டுப் பொறிக்கு அது கொண்டுவரப்பட்டபோது, முதலாவது பிளேஸ்ரேஷனின் நினைவகம் நான்கு வீரரின் அசைவோவியங்களை ஒருங்கே தாங்கப் போதவில்லை. எனவே வீரரை மாற்றும் ஏற்பாடே அதிற் கைவிடப்பட்டது. சேகா சற்றேர்ண் பொறியில் மேலதிக நினைவகப் பேழையொன்றின் துணையுடன் அது காப்பாற்றப்பட்டது. 1997இலும் 1998இலும் இவ்வரிசையில் மேலும் இரு விளையாட்டுக்கள் வெளிவந்தன.

2000ஆம் ஆண்டின் ஆக்கம் இம்மரபை அதன் எல்லைவரை இட்டுச்சென்றது. இருவர் அணி மூவர் அணியாயிற்று. மார்வெல் தரப்பில் 28, கப்கொம் தரப்பில் 28 என 56 பாத்திரங்கள் இடம்பெற்றன. களத்தில் இல்லாத இருவரையும் ஒரு பொத்தானை அழுத்திக் கணநேரம் துணைக்கு அழைக்கலாம். ஒவ்வொருவருக்கும் மூவகைத் துணைத்தாக்குதல்கள் உள. அவற்றுள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு இடமளிக்கும் பொருட்டு, முன்னர் ஆறாக இருந்த தாக்குதற் பொத்தான்கள் நான்காகக் குறைக்கப்பட்டு, எஞ்சிய இரண்டும் துணைவருக்கு ஒதுக்கப்பட்டன. வெவ்வேறான மூவரைத் தெரிவதாயின் 27,720 அணிகளை அமைக்கலாம். துணைத்தாக்குதல் வகைகளையுஞ் சேர்த்தாற் கூட்டுக்களின் தொகை 748,440 ஆகும். இத்தனையையும் சோதித்துச் சமன்செய்தல் எந்த ஆக்கக் குழுவுக்கும் இயலாத காரியம் என்பது வெளிப்படை.

வழக்கமான அளவுகோல்களைக் கொண்டு நோக்கின், இவ்வாக்கத்திற் குறைகள் மலிந்துள்ளன. பெரும்பாலான பாத்திரங்களின் அசைவோவியங்கள் 1994ஆம் ஆண்டு முதலாக வெளிவந்த பழைய விளையாட்டுக்களிலிருந்து எடுத்தாளப்பட்டவை. முப்பரிமாணப் பின்னணிகளின் முன்னே இத்தட்டையான உருவங்கள் ஒட்டாது நிற்கின்றன. முந்திய விளையாட்டுக்களில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனி முடிவுக்காட்சிகள் இருந்தன. இங்கு அவையும் இல்லை. வீர சாகசத்துக்குப் பொருந்தாத ஜாஸ் இசை பலரது முகச்சுளிப்புக்கு உள்ளாயிற்று. ட்ரீம்காஸ்ற் பொறிக்கான பதிப்பை அக்கால விமரிசகர் பொதுவாக வரவேற்றனராயினும், அவர்கள் போற்றியது பாத்திரங்களின் தொகையையும் காட்சியின் ஆரவாரத்தையுமே. விளையாட்டின் உண்மையான ஆழம் அன்று எவருக்கும் புலப்பட்டிருக்கவில்லை. அது அப்போது இன்னும் உருவாகியிருக்கவில்லை என்பதே பொருத்தமான கூற்றாகும்.

அதனை உருவாக்கியவர்கள் ஆடுவோரே. மக்னீற்றோ, ஸ்ரோம், சென்ரினல், கேபிள் ஆகிய நால்வரும் ஏனையோரை விஞ்சிய வலிமையுடையோர் என்பது சில ஆண்டுகளுள் தெளிவாயிற்று. ‘நான்கு தெய்வங்கள்’ என இவர்கள் அழைக்கப்பட்டனர். சென்ரினல் என்னும் இயந்திர வீரனுக்குப் பறக்கும் நிலை அளிக்கப்பட்டது இடம்பெயர்வதற்காகவே. ஆடுவோரோ அந்நிலையுட் புகுந்து உடனே வெளியேறுவதன் வாயிலாக ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் இடையிலான தாமதத்தை அழிக்கக் கற்றனர். மக்னீற்றோவின் விரைந்த வான்பாய்ச்சல்களைத் தொடுத்து, எதிரியின் உயிர்ப்பலம் தீரும்வரை ஓயாத தொடரடிகளைக் கண்டனர். தனித்துப் போரிடுகையில் நடுத்தரத்தினனாகிய கப்ரின் கொமாண்டோ, துணைக்கு வந்து எழுப்பும் மின்தூண் ஒன்றினாலேயே முதன்மைபெற்றான். எதிரியை மேலே தூக்கியெறியும் சைலொக்கின் துணைத்தாக்குதல் மக்னீற்றோவின் தொடரடிக்கு வாயிலாயிற்று. பாத்திரமொன்றின் மதிப்பு அதன் தனியாற்றலில் அன்றி, பிறவற்றோடு அது கொள்ளும் உறவிலே தங்கியுள்ளது என்னும் உண்மை இவ்வாறு ஆட்டத்தினூடே கண்டறியப்பட்டது.

இவ்வறிவு நாணயமிட்டு ஆடும் கூடங்களிலே, ஒருவர் தோளுக்குப் பின்னால் மற்றவர் நின்று பார்த்துப் பயின்ற அறிவாகும். நியூயோர்க்கின் ‘சைனாரவுண் பெயர்’ கூடம் அத்தகைய பயில்களங்களுள் ஒன்று. அங்கிருந்து வந்த ஜஸ்ரின் வொங், அமெரிக்காவின் ‘ஈவோ’ சுற்றுப்போட்டியில் இவ்விளையாட்டுக்கான பட்டத்தைப் பலமுறை வென்றார். 2002 முதல் 2010 வரை ஆண்டுதோறும் இவ்விளையாட்டு அப்போட்டியில் இடம்பெற்றது. வெளிவந்து பத்தாண்டுகள் கழிந்த பின்னரும், ஆக்கியோரின் திருத்தம் எதுவுமின்றியே, அது புதிய உத்திகளை ஈந்துகொண்டிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும் இதனை மிகைப்படுத்திப் போற்றுதல் தவறாகும். 56 பாத்திரங்களுள் உயர்நிலைப் போட்டிக்கு உதவுவன ஒரு சிலவே. ஏனையவை அலங்காரமாகவே எஞ்சின. புதிதாக வருபவன் ஒரே தொடரடியில் தன் வீரனை இழந்து, செய்வதறியாது நிற்கும் நிலையை எவ்வகையிலும் சிறப்பெனக் கொள்ள முடியாது. குறைகள் யாவும் காலப்போக்கிற் குணங்களாகிவிடும் என வாதிடுவதும் பொருந்தாது. சமநிலை குலைந்த விளையாட்டுக்கள் எத்தனையோ மறக்கப்பட்டுவிட்டன. இதனை மீட்டது அதன் தளர்ந்த கட்டமைப்பு மட்டுமன்று. வேகம், வான்வழி இயக்கம், துணைவர் முறை ஆகிய மூன்றும் இணைந்து, எத்தாக்குதலுக்கும் மாற்றுத் தேட இடமளித்தன. பிழை விளைநிலமாவதற்கும் ஒரு வளம் வேண்டும்.

இக்கருத்தின் மறுபக்கத்தை 2017 செப்ரெம்பரில் வெளிவந்த ‘மார்வெல் வேர்சஸ் கப்கொம்: இன்பினிற்’ புலப்படுத்துகின்றது. 2011இல் வந்த மூன்றாவது ஆக்கமும் மூவர் அணியையே பேணியிருக்க, இது இருவர் அணிக்குத் திரும்பித் துணைத்தாக்குதல் முறையை முற்றாகக் கைவிட்டது. தாக்குதலின் நடுவேயும் வீரரை மாற்றும் வசதி அதனிடத்தைப் பெற்றது. ஆட்டத்தின் இயக்கவிதிகளைத் தேர்ந்த ஆட்டக்காரர் பலர் பாராட்டவே செய்தனர். ஆயினும் முகங்களின் வரைவு நகைப்புக்கிடமாயிற்று. 1994 முதல் இவ்வரிசையின் உயிராக விளங்கிய எக்ஸ்-மென் பாத்திரங்களுள் ஒன்றேனும் அதில் இல்லை. அக்காலத்தில் எக்ஸ்-மென் திரைப்பட உரிமை வேறொரு நிறுவனத்திடம் இருந்தமையே இதற்குக் காரணமெனப் பரவலாகக் கருதப்பட்டது. பாத்திரங்கள் அடிப்படையில் தொழிற்பாடுகளே; அத்தொழிற்பாடுகளை வேறு பாத்திரங்கள் நிறைவேற்றும் என்ற கருத்துப்படக் கப்கொம் தரப்பினர் ஒருவர் விளக்கமளித்தமை எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தது. விளையாட்டு எதிர்பார்த்த விற்பனையை எட்டவில்லை. 2018ஆம் ஆண்டின் ‘ஈவோ’ முதன்மைப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

இங்கு நுணுகி நோக்கவேண்டிய முரண் ஒன்றுண்டு. மக்னீற்றோவைத் தொழிற்பாடாக நோக்கியவர்களுள் முதல்வர் அவனை ஆடிய தேர்ச்சியாளரே. அவ்வகையில் அவ்விளக்கம் முற்றும் பொய்யன்று. ஆனால், ஆயிரம் மணித்தியாலப் பயிற்சியினூடாகத் தொழிற்பாடு பாத்திரத்தோடு ஒன்றிவிடுகின்றது. கையும் கண்ணும் பழகிய உருவத்தை நீக்கிவிட்டு அதன் வேலையை மட்டும் மற்றொன்றிடம் ஒப்படைத்தல், உருவத்தையும் உள்ளடக்கத்தையும் இயந்திரப்பாங்கிற் பிரித்தலாகும். ஆடுவோர் இழந்தது ஒரு கருவியை அன்று. தாம் சேர்ந்து எழுதிய வரலாற்றையே. 2024 டிசெம்பரில் ஆர்வலர் குழுவொன்று ‘இன்பினிற்’றின் காட்சித் தோற்றத்தைத் தானே மாற்றியமைத்து வெளியிட்டமை, குறையை நிரப்பும் பொறுப்பை ஆடுவோர் மீண்டும் தம்மேல் ஏற்றுக்கொண்டதைக் காட்டுகின்றது.

இவ்விடத்தே உடைமை பற்றிய கேள்வி எழுகின்றது. 2009இல் இரண்டாவது ஆக்கம் இணையவழி விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே டிஸ்னி நிறுவனம் மார்வெலைக் கொள்வனவு செய்வதாக அறிவித்தது. 2013 டிசெம்பரில் அவ்விளையாட்டு இணையக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. அதன் பின்னர் அதனை ஆட விரும்பியோர் பெரும்பாலும் பழைய தட்டுக்களையும் பழைய பொறிகளையும் நாட வேண்டியிருந்தது. 2021இல் அதனை விடுவிக்குமாறு ஆர்வலர் பெரும் கோரிக்கை எழுப்பினர். 2024 செப்ரெம்பரில், இணையவழி ஆடும் வசதியுடன், ஏழு விளையாட்டுக்கள் கொண்ட தொகுப்பொன்றின் பகுதியாக அது மீண்டும் வந்தது. ஆடுவோரே பெறுமதியை ஆக்கிய ஒரு பொருள், பத்தாண்டுகளுக்கு மேலாக ஒப்பந்தத் தாளொன்றின் தயவிலே முடங்கிக் கிடந்தது. நூல் பதிப்பு நின்றாலும் நூலகத்தில் வாழும். இணையக் கடையில் மட்டும் விற்கப்படும் விளையாட்டுக்கு அவ்வித அடைக்கலம் இல்லை.

ஆகவே, இத்தகைய ஆக்கங்களை மதிப்பிட முனையும் விமரிசனம், வெளிவந்த வாரத்திற் கிடைக்கும் பண்டத்தை மாத்திரம் எடைபோட்டு அமைதல் போதாது. அதனைப் பயின்ற சமூகம் அதனை என்னவாக ஆக்கிற்று என்பதையும், அவ்வாறு ஆக்கப்பட்டதன்மீது அச்சமூகத்துக்கு உள்ள உரிமை யாது என்பதையும் அது வினவுதல் வேண்டும். ‘மார்வெல் வேர்சஸ் கப்கொம் 2’ஐ ஆக்கியோர் முடிக்காது விட்டனர், ஆடுவோர் அதனை முடித்தனர். சட்டம் முதலாமவரின் பங்கை மட்டுமே கணக்கிற் கொள்கின்றது. இரண்டாமவரின் பங்கைக் கணக்கிற் கொள்ளும் கடமை விமரிசனத்துக்குரியதாகும்.