கண்ணாடியைக் கழற்றியபின்

கிட்டப்பார்வை உள்ள பிள்ளை பாட்மின்டனிலோ ஸ்குவாஷிலோ தேறி வந்தால், கண்ணாடியை விட்டுக் காண்டாக்ட் லென்ஸுக்கு மாறச் சொல்கிறோம். அதற்கு வலுவான நியாயம் உண்டு. லென்ஸ் விழியோடு சேர்ந்தே நகரும். ஃபிரேம் மறைக்காததால் பக்கவாட்டில் வருவதும் தெரியும். வியர்வையில் வழுக்காது, ஆவி படியாது. மைனஸ் பவர் கூடக் கூடக் கண்ணாடி பொருளைச் சிறிதாக்கிக் காட்டும். லென்ஸில் அந்தக் குறை மிகக் குறைவு.

ஆனால் பார்வையைத் திருத்துவது வேறு, கண்ணைக் காப்பது வேறு. இந்த இடத்தில்தான் நம் வழக்கம் தவறுகிறது. 2023-இல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் மட்டையை விட்டுப் பறந்து கின்னஸ் சாதனையானது. பள்ளிப் பிள்ளைகளின் அடி அதில் பாதிகூட இருக்காது என்றாலும், இறகுப்பந்தின் தக்கை கண்குழிக்குள் புகுந்துவிடும் அளவு சிறியது. சுமார் 40 மி.மீ. விட்டமுள்ள ஸ்குவாஷ் பந்தும் அப்படியே. பெரிய பந்தின் அடியைக் குழியைச் சுற்றியுள்ள எலும்பு ஓரளவு தாங்கும். இவற்றை விழியே வாங்கிக்கொள்ள வேண்டும். இரட்டையர் ஆட்டத்தில் வலைக்கருகே நிற்பவர் பின்னால் திரும்பிப் பார்க்கும் கணம் மிக ஆபத்தானது. அப்போது லென்ஸ் எதையும் தடுக்காது. சாதாரணக் கண்ணாடியோ உடைந்து விழியைக் கிழிக்கக்கூடும்.

சுத்தமும் கவலைக்குரியது. விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளை களைப்பில் லென்ஸோடு தூங்கினால், குழாய்த் தண்ணீரில் அதைக் கழுவினால், கருவிழியில் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் பார்வையையே பறிக்கக்கூடியது. லென்ஸோடு நீச்சல் கூடவே கூடாது. அன்றன்றைக்கு எறிந்துவிடும் வகை செலவு கூடியது என்றாலும் பிள்ளைகளுக்கு அதுவே சரி.

இரவில் அணிந்து காலையில் கழற்றும் ஆர்த்தோ-கே லென்ஸ் கருவிழியின் வளைவைத் தற்காலிகமாக மாற்றுகிறது. பகலில் வெறும் கண்ணாலேயே தெளிவாகத் தெரியும். பவர் ஏறுவதும் மட்டுப்படும். தூக்கத்தில் அணிவதால் தொற்று அபாயம் மட்டும் உடன் வரும்.

லேசரை 18 வயதுக்கு முன் நினைக்கவே வேண்டாம். அதற்குப் பிறகும் பவர் ஓராண்டாவது நிலையாக இருக்க வேண்டும். லேசிக்கில் கருவிழியில் மடல் வெட்டுகிறார்கள். பின்னாளில் பலமான அடி பட்டால் அது விலகக்கூடும். குத்துச்சண்டை வீரருக்கு மடல் இல்லாத லேசர் முறையான பி.ஆர்.கே. பொருத்தம், ஆறுவதற்குத்தான் வாரங்கள் பிடிக்கும். ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கும் பழக்கமுள்ளவருக்குக் கருவிழி மெலிந்து கூம்பாகும் கெரட்டோகோனஸ் மறைந்திருக்கலாம். கருவிழியின் வரைபடம் எடுத்துப் பார்க்காமல் லேசருக்குச் சம்மதிப்பது பெரும் பிழை.

என் தேர்வு பாலிகார்பனேட் விளையாட்டுக் கண்ணாடி. பவரை அதிலேயே வைக்கலாம், அல்லது உள்ளே லென்ஸ் அணிந்து மேலே பவரில்லாததைப் போட்டுக்கொள்ளலாம். ஆவி படிவது உண்மைதான். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய தடை கூச்சம். கூடைப்பந்து வீரர் ஹோரஸ் கிராண்ட் கண் அறுவைக்குப் பிறகும், பிள்ளைகளின் கூச்சம் போகட்டும் என்று, விளையாட்டுக் கண்ணாடியைத் தொடர்ந்து அணிந்தார். உலக ஸ்குவாஷ் அமைப்பு ஜூனியர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பாட்மின்டனில் இரட்டையர் ஆடும் பிள்ளைகளுக்காவது அப்படி ஒரு விதி வரவேண்டும், பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.