கூரையும் தலையணையும்: ‘பல் தேவதை’ என்னும் சொல்லாக்கம் குறித்து

விழுந்த பால்பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தால் இரவில் ‘பல் தேவதை’ வந்து அதனை எடுத்துக்கொண்டு காசு வைத்துச் செல்லும் என்னும் நம்பிக்கை, ஆங்கிலப் படநூல்களின் வழியும் தொலைக்காட்சியின் வழியும் ஜார்ஜ் டவுன் தமிழ்க் குழந்தைகளையும் எட்டியுள்ளது. மூடநம்பிக்கை ஒன்று போய் மற்றொன்று வந்தது, அவ்வளவே என்று இதனைக் கடந்துவிடுவோர் உளர். அது பொருந்தாது என்பது நம் கருத்து.

தமிழரிடையே வழங்கிய பழைய முறை வேறு. பல்லைச் சாணத்தில் பொதிந்து, குழந்தை தன் கையாலேயே கூரைமேல் எறியும். யாழ்ப்பாணத்தில் அணிலை விளித்துப் பழைய பல்லைக் கொடுத்துப் புதுப்பல் கேட்பர். அணில், எலி முதலியவற்றின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. ஆகவே அணிலிடம் பல் கேட்டவர்கள் ஆளறிந்தே கேட்டிருக்கின்றனர். சீனர் மரபில் கீழ்வாய்ப் பல் கூரைக்கும் மேல்வாய்ப் பல் கட்டிலுக்கு அடியிலும் செல்லும். பழைய பல் கிடக்கும் திசை நோக்கிப் புதுப்பல் வளரும் என்பது அதன் உட்கிடை. இங்கெல்லாம் பல்லுக்குப் பல்லே ஈடு, காசுக்கு இடமில்லை.

இதனினும் முதன்மையான வேறுபாடு ஒன்றுண்டு. கூரைச் சடங்கில் எதுவும் மறைக்கப்படுவதில்லை. பட்டப்பகலில், பாட்டி அருகில் நிற்க, எறிவதும் கேட்பதும் குழந்தையே. வளர்ந்தபின் அக்குழந்தை அணிலை நம்பாமற் போகலாம். ஆயினும் எவரும் தன்னை ஏமாற்றியதாகக் கருத வேண்டியதில்லை. தலையணைச் சடங்கோ குழந்தை உறங்கினால்தான் நிகழும். பெற்றோரே தேவதையாதல் வேண்டும். அந்நம்பிக்கை முடியும் நாள், பெற்றோரின் மறைப்பு வெளிப்படும் நாளுமாகிறது. பெற்றோரின் அன்பை நாம் ஐயுறவில்லை. இரண்டையும் ‘நம்பிக்கை’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பதையே மறுக்கிறோம்.

‘தேவதை’ என்னும் மொழிபெயர்ப்பு இக்குழப்பத்தை மேலும் வளர்க்கிறது. தமிழில் தேவதை என்றால் எல்லைத் தேவதை, கிராம தேவதை; காணிக்கை பெறுபவள். காசு கொடுத்துப் பல் வாங்கும் தேவதை நம் வழக்கில் இல்லை. மலாய்மொழி ‘பரி-பரி’ என்று பாரசீக வழிவந்த சொல்லைக் கொண்டு இவ்விடரிலிருந்து தப்பித்துக்கொண்டது. இப்பல் தேவதை பற்றிய பழைய அச்சுச் சான்று அமெரிக்க நாளிதழொன்றில் 1908-இல் காணப்படுவது. குயின் தெரு மகா மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. நம் ஊர்த் தேவதை முக்கால் நூற்றாண்டு மூத்தவள்!

இலக்கிய மரபும் இதில் துணைநிற்கவில்லை. பிள்ளைத்தமிழின் பருவங்கள் பால்பல் விழும் அகவைக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. உலாவின் பேதைப் பருவம் 5 முதல் 7 வரை, சரியாக அவ்வகவையே. எனினும் பல்லென்றால் முத்து, முல்லையரும்பு என்றே பழகிய புலவர்க்குப் பொக்கைவாய் உவந்ததாகத் தெரியவில்லை. ஆகவே இச்சடங்கைக் காத்தவர்கள் பாட்டிமார்களே.

தலையணை வென்றதற்கு ஆங்கிலக் கல்வியை மட்டும் காரணமாக்குதல் எளிது. நாம் வீட்டமைப்பையே முதற்கண் நோக்குகிறோம். தோட்டப்புறத்து அத்தாப்புக் கூரை கைக்கெட்டும் உயரத்தது. 1970 வாக்கில் எழுந்த ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் ஒரு குடும்பத்துக்கெனக் கூரை ஏது? பல் விழும் இடமுங்கூட மாறியது. பள்ளிப் பல் தாதியரைப் பயிற்றுவிக்கும் பள்ளி 1949-இல் பினாங்கிலேயே தொடங்கியது. நியூசிலாந்து முறையைத் தழுவியது அது. ஆடும் பல்லில் நூல்கட்டி இழுத்த வீட்டு வேலை, வெள்ளுடைத் தாதியின் கைக்குச் சென்றது.

அமெரிக்கரான செல்பி பீலர், உலகப் பல் வழக்கங்களைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட சிறுவர் நூலுக்குப் பல்லைக் கூரைமேல் எறியச் சொல்லும் தலைப்பையே சூட்டினார். நம்மிடையே அத்தகைய தொகுப்புக்கான களப்பணி உடனே தொடங்கப்பெறல் வேண்டும். பல்லை எறிகையில் எவரை விளித்தனர், அணிலையா, காகத்தையா, வானத்தையா? சாணம் கிட்டாத நகரத்தில் எதில் பொதிந்தனர்? சீன அண்டைவீட்டாரைக் கண்டு மேல்பல், கீழ்ப்பல் எனப் பிரித்தனரா? அத்தாப்புக் கூரைமேல் பல் எறிந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள்.