சிறிய பட்டறையின் வேகம் எங்கிருந்து வருகிறது?

திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையில் ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கும் ஒரு பட்டறைக்குக் காலையில் டிராயிங் வந்தால், அவசரமென்றால் சாயங்காலமே சாம்பிள் பீஸ் கைக்கு வந்துவிடும். விலை சொல்பவர், சி.என்.சி.க்கு புரோகிராம் போடுபவர், அளவு தப்பினால் பதில் சொல்பவர் எல்லாம் முதலாளி ஒருவரே. அதே டிராயிங் பெரிய கம்பெனிக்குள் போனால் பர்ச்சேஸ், பிளானிங், குவாலிட்டி என்று மேசைக்கு மேசை தங்கும்; கொட்டேஷன் வெளியே வரவே நாளாகும். இந்த வேகத்தை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அது முழுக்க அந்தப் பட்டறையின் சொந்தச் சரக்கல்ல. இலங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

இந்த வட்டாரத்தில் சிறு பட்டறை எதுவும் ஒரு பாகத்தை முழுதாகத் தானே செய்து முடிப்பது அபூர்வம். டர்னிங் ஓரிடம், கிரைண்டிங் இன்னோரிடம், ஹீட் ட்ரீட்மென்ட்டும் பிளேட்டிங்கும் வேறிடம். டெலிவரி சலானோடு குட்டி யானை வண்டியில் ஏறிய சரக்கு நாலு வாசல் பார்த்துவிட்டுத் திரும்பும். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டால் அதை விற்பனையாகக் கணக்கிட ஜி.எஸ்.டி. சட்டமும் சொல்வதில்லை. அதனால் முதலாளி உலை வாங்க வேண்டாம், பிளேட்டிங் தொட்டி கட்ட வேண்டாம். வண்டி ஆர்டர் குறைந்தால் அடுத்த வாரமே பம்ப் உதிரிபாகத்துக்கு மாறலாம். சும்மா நிற்கும் இயந்திரத்துக்குத் தவணை கட்டுகிற பாரம் இல்லை.

இந்த வலை தானாக விரியவில்லை. எண்ணூரில் அசோக் லேலண்ட், ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை, 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று பெரிய ஆலைகளின் தேவையைச் சுற்றித்தான் சின்னப் பட்டறைகள் முளைத்தன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளும் ரோலிங் மில்களும் இதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன.

இலங்கையில் சிறு பட்டறையை வளர்த்தது வேறொன்று: தட்டுப்பாடு. 1990களில் உள்நாட்டுப் போரின்போது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள், சில துளி பெட்ரோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடும்படி வண்டிகளை மாற்றினார்கள். சைக்கிள் டைனமோ ரேடியோவுக்கு மின்சாரம் தந்தது. பிற்பாடு 2020 மார்ச்சிலிருந்து ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தனியார் கார் இறக்குமதி நின்றபோது, பழைய கார்களுக்கு ஆயுள் நீட்டித்தவை நாடெங்கும் உள்ள கராஜ்களும் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிபாகக் கடைகளும்தான். இந்தக் கைத்திறன் அசாத்தியமானது. காக்களூர்க்காரர் அடுத்த தெருவுக்கு அனுப்பும் வேலையை இலங்கை மெக்கானிக் தன் கொட்டகைக்குள்ளேயே எப்படியாவது முடிப்பார். ஆனால் ஒற்றைத் துண்டில் காட்டும் அந்தச் சாமர்த்தியத்தை ஐயாயிரம் துண்டு ஆர்டராக மாற்றப் பக்கத்தில் ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்தின் அச்சுவேலித் தொழிற்பேட்டை போரில் முடங்கி, இந்திய உதவியோடு 2014இல்தான் மீண்டும் திறந்தது. பட்டறைகள் அருகருகே இருந்து பழகவேண்டிய ஒரு தலைமுறைக் காலம் அங்கே பறிபோய்விட்டது. எனக்கு மிகப் பெரிய இழப்பாகத் தெரிவது அதுதான்.

இரண்டு நாட்டிலும் சிலர் விரும்பிச் சிறியவராக இருக்கிறார்கள்; சிலர் சட்டத்துக்குப் பயந்து இருக்கிறார்கள். இலங்கையில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்டவேண்டும்: முதலாளி பங்கு 12 சதவீதம், தொழிலாளி பங்கு 8. ஆனால் 15 பேரை எட்டினால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரும். தொழிலாளியின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்புச் செய்ய முடியாது. இந்தியாவில் இ.எஸ்.ஐ. 10 பேரில், பி.எஃப். 20 பேரில் தொடங்குகிறது. தொழிற்சாலை என்று கருதப்படுவதற்கு, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் என்றிருந்த கோட்டைப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 20 ஆக்கியிருக்கிறது. ஒன்பதாவது ஆளோடு நிறுத்திக்கொண்டு, பத்தாவது ஆளைக் கணக்கில் காட்டாமல் வேலை வாங்குவதை நான் சுறுசுறுப்பு என்று ஏற்கமாட்டேன். கையில் அடிபட்டால் அந்தப் பத்தாவது ஆளுக்கு யார் பொறுப்பு? சேமலாப நிதி என்ற ஒரு விஷயத்திலாவது, முதல் ஆளிலிருந்தே பங்கு கேட்கும் இலங்கை நமக்கு முன்னால் நிற்கிறது.

சிறியவரை வீழ்த்துவது பெரும்பாலும் பணம்தான். பொருளாதார நெருக்கடியின் நடுவே, 2022 ஏப்ரல் 8 அன்று இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதற்குச் சில நாள் முன்புதான் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரத்தைத் தொட்டிருந்தது. எத்தனை சாமர்த்தியமிருந்தும் மின்சாரமில்லாத லேத் சுற்றாது.

திருவள்ளூரில் அடி இவ்வளவு திடீரென்று விழுவதில்லை; பில்லில் விழுகிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தராவிட்டால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்ற விதியும் 2024 ஏப்ரலில் வந்துவிட்டது. புகார் கொடுக்க அரசின் இணையதளமும் இருக்கிறது. ஆனாலும் ஒரே கம்பெனியை நம்பியிருப்பவர் புகார் எழுதத் தயங்குவார்; எழுதினால் அடுத்த ஆர்டர் வராது. இரண்டு மூன்று வேறு வேறு தொழில்களுக்குச் சரக்குக் கொடுப்பவர்தான் தைரியமாகப் பணம் கேட்கிறார்.