ஆறு சதவீதம் மறுமதிப்பீடு ஆகாது

தமிழ்நாட்டில் சொத்து வரி ஆண்டுதோறும் உயர வழிசெய்த சட்டத் திருத்தத்தைப் பெரிய சீர்திருத்தம் என்று பாராட்டுகிறார்கள். ஆண்டுக்கு 6 சதவீதம் அல்லது மாநில உற்பத்தியின் ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சி, இவற்றில் எது அதிகமோ அந்த அளவு வரி ஏறும். சிறுகச் சிறுக ஏறுவதால் வணிகருக்கும் சுமை தெரியாது என்பது அவர்கள் வாதம்.

வாதத்தில் உண்மை இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை சீராய்வு என்ற பழைய விதி காற்றில் பறந்தது. 2008 சீராய்வுக்குப் பின் நகராட்சிகளில் 2013இல் வந்திருக்க வேண்டிய சீராய்வு வரவில்லை. 2018இல் அறிவித்த உயர்வு 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. 2022இல் கடைகளுக்கு ஒரேயடியாக 100 சதவீதம் ஏறியது. நகராட்சிக்கு நிலையான வருவாய் வேண்டும். மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாகச் சொத்து வரி வசூல் உயர வேண்டும் என்பது 15ஆவது நிதிக்குழுவின் நிபந்தனையும்கூட.

ஆனால் உயர்வு வேறு, மறுமதிப்பீடு வேறு. 2022இலும் 2024இலும் பழைய வரியின் மேல்தான் சதவீதம் ஏற்றப்பட்டது. எந்தத் தெருவின் வாடகை ஏறியது, எங்கே இறங்கியது என்று பார்த்து வரி நிர்ணயிக்கப்படவில்லை.

சங்கரன்கோவிலை எடுத்துக்கொள்வோம். கோயிலைச் சுற்றிய வீதிகளும் பேருந்து நிலையப் பகுதியும் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தையும் அன்றாட வியாபாரத்தையும் நம்பியவை. விசைத்தறிக் கூடங்கள் நூல் விலையையும் சேலை ஆர்டரையும் நம்பியவை. இரண்டின் நிலையும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. வரி மட்டும் ஒரே வேகத்தில் ஏறுகிறது. சம மதிப்புள்ள இரு கடைகளில் ஒன்றுக்கு 2,000 ரூபாயும் மற்றதற்கு 4,000 ரூபாயும் வரி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் அது ஏறக்குறைய 4,000, 8,000 ஆகும். அநீதி 2,000 ரூபாயிலிருந்து 4,000 ரூபாயாக வளர்ந்துவிடும். கோணிய அஸ்திவாரத்தின் மேல் மாடி மாடியாகக் கட்டுவது போன்றது இது.

மறுமதிப்பீட்டைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. 2015இல் நடக்க வேண்டிய வணிகக் கட்டட மறுமதிப்பீட்டை 2013ஆம் ஆண்டுச் சட்டம் 2017க்குத் தள்ளியது. விளைவு, நலிந்த ஊர்களின் கடைக்காரர்கள் 2008 ஏப்ரல் வாடகை மதிப்பின்படியே 2017 வரை வரி கட்டினார்கள். வாடகை ஏறிய பகுதிகளுக்கு அது சலுகையானது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு என்று வகுத்தார்கள்.

நம் சட்டமும் அப்படிச் சொல்ல வேண்டும். மறுமதிப்பீட்டு ஆண்டைச் சட்டத்திலேயே எழுதுங்கள். அரசாணையால் தள்ளிவைக்க இடம் தராதீர்கள். தெருவாரியான மதிப்பை நகராட்சிப் பலகையில் ஒட்டுங்கள், ஆட்சேபத்துக்கு அவகாசம் கொடுங்கள். அதுவரை ஆண்டுதோறும் ஏறும் ஆறு சதவீதத்தைச் சீர்திருத்தம் என்று அழைக்க வேண்டாம்.